விலை குறைந்தால் வென்றுவிடுமா?

“செல்போன்கூட முதலில் பணக்காரர் வீட்டுப் பொருளாகத்தான் வந்தது. இன்று கீரை விற்கும் பாட்டி கையிலும் இருக்கிறது. முகத்தில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட்டும் அப்படித்தான். பத்து வருடம் பொறுங்கள்.” பொறியியல் கல்லூரிக் கருத்தரங்கிலும் யூடியூப் விமர்சனத்திலும் செல்போன் கடைக் கல்லாவிலும் இந்த வாதத்தைக் கேட்கலாம். எதிர்த்துப் பேசுவோர் குறைவு. பேசினால் பழமைவாதி என்ற பெயர் கிடைக்கும். கிடைக்கட்டும். இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு என்பது என் கட்சி.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு நிறுத்துவோம். அவர்கள் சொல்வது நான்கு. ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரி 2-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த விஷன் ப்ரோ ஹெட்செட்டின் விலை 3,499 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். ஆனால் மின்னணுப் பொருளின் விலை காலப்போக்கில் இறங்கியே தீரும். இன்று முகத்தில் கனக்கும் பெட்டி நாளை மூக்குக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கும். உலகின் பெரிய நிறுவனங்கள் இதில் பணத்தைக் கொட்டுகின்றன. அத்தனை பேரும் ஏமாளிகளாக இருக்க முடியாது. கடைசியாக, புதுமையை ஏற்காத ஊர் பின்தங்கிப்போகும். அதற்கு, இயந்திரத்தை ஏற்காமல் படுத்துப்போன திண்டுக்கல் பூட்டைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இவற்றில் எதையும் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. விஷன் ப்ரோவின் இரண்டு சிறு திரைகளில் 2 கோடியே 30 லட்சம் படப்புள்ளிகள் இருக்கின்றன. 4கே தொலைக்காட்சியில் இருப்பதைவிட ஒவ்வொரு கண்ணுக்கும் அதிகம். கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. கண் எதைப் பார்க்கிறதோ அது தெரிவாகிறது, இரண்டு விரல் நுனிகளைச் சேர்த்தால் திறக்கிறது. பொறியியலில் இது பெரிய சாதனை, சந்தேகமில்லை. அந்தச் சாதனையைக் காட்டி, சாதாரண வீட்டுக்காரர் இதை வாங்கி அன்றாடம் மாட்டிக்கொள்வார் என்று கணிக்கிறார்களே, அந்தக் கணிப்பைத்தான் மறுக்கிறேன்.

1. செல்போன் விலை குறைந்ததாலா வென்றது?

இல்லை. வரலாற்றைப் பின்னாலிருந்து படிக்கிறார்கள். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அந்தக் காலத்தில் கூப்பிட்டாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. சாதாரண ஜனங்களுக்குச் செல்போன் எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் அதே ஜனங்கள் அன்று எங்கே நின்றார்கள்? எஸ்.டி.டி. பூத் வாசலில். இரவில் கட்டணம் குறையும் என்று காத்திருந்து, சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வந்ததைச் சுருக்கிப் பேசினார்கள். தூரத்தில் இருப்பவரோடு பேச வேண்டும் என்ற தேவை செல்போனுக்கு முன்பே தெருவில் நின்றது, காசையும் கையில் வைத்திருந்தது.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி கேரளாவுக்கு. அந்தப் பக்கம் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்பது லாரி கிளம்புவதற்கு முன் தெரிந்தால் லாபம், தெரியாவிட்டால் நஷ்டம். அந்த வியாபாரிக்குச் செல்போன் ஆடம்பரமாக இருந்ததே இல்லை. வாங்கிய விலையை அது சில நாட்களில் சம்பாதித்துக் கொடுத்தது.

வரும் அழைப்புகள் இலவசமானதும், ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு இணைப்போடு போனைக் கையில் கொடுத்ததும் 2003-இல். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். கோடிக்கணக்கானோர் வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் நிறுவனங்கள் விலையை இறக்கப் போட்டி போட்டன. வேண்டியிருந்ததால் செல்போனின் விலை குறைந்தது. விலை குறைந்ததால் அது வேண்டியதாகிவிடவில்லை. இந்த வரிசையை மாற்றி வைத்துக்கொண்டுதான் ஹெட்செட்டுக்கு ஜாதகம் கணிக்கிறார்கள்.

ஹெட்செட்டுக்கான வரிசை எங்கே நிற்கிறது? திண்டுக்கல்லில் இன்று யார், எந்த வேலையை, அது இல்லாமல் அல்லாடிக்கொண்டு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஆதரவாளர்களிடமிருந்து வரும் பதில் எல்லாமே எதிர்காலத்தில்தான் இருக்கிறது. செல்போனுக்கான பதில் அன்றைக்கே தெருவில் இருந்தது.

2. மலிவாக வந்தபோது ஏன் யாரும் சீந்தவில்லை?

விலைதான் தடை என்றால், விலை இல்லாத இடத்தில் வெற்றி தெரிந்திருக்க வேண்டும். கூகுள் 2014-இல் அட்டையை மடித்து இரண்டு லென்ஸ் வைத்து, உள்ளே செல்போனைச் செருகிப் பார்க்கும் கார்ட்போர்டைக் கொடுத்தது. அதைவிட மலிவாக ஒரு வி.ஆர். கருவி செய்ய முடியாது. 2016-இல் டேட்ரீம் என்று துணி போர்த்திய இன்னொன்றைக் கொண்டுவந்து, 2019-இல் நிறுத்திவிட்டது. ஜியோ நிறுவனம் 2023-இல் ஐ.பி.எல். ஆட்டம் பார்க்கவென்றே ஜியோடைவ் என்ற ஹெட்செட்டை 1,299 ரூபாய்க்கு விற்றது. இந்தியாவையே இணையத்துக்கு இழுத்துவந்த நிறுவனம், இந்தியர்கள் உயிரை விடும் விளையாட்டு, ஒரு ஜோடி செருப்பு விலை. இந்த மூன்றும் சேர்ந்தும் காரியம் நடக்கவில்லை. உங்கள் தெருவில் அதை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தவர் யாராவது உண்டா? அதே ஆட்டத்தை அதே ஆட்கள் செல்போனில் பார்த்தார்கள். டீக்கடைத் தொலைக்காட்சி முன் நின்று பார்த்தார்கள்.

வீட்டுத் தொலைக்காட்சியிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2010-இல் முப்பரிமாணத் தொலைக்காட்சிகளை எல்லா நிறுவனங்களும் முழங்கிக்கொண்டு இறக்கின. 2017-இல் கடைசியாகத் தாக்குப்பிடித்த எல்ஜியும் சோனியும் கைவிட்டன. இத்தனைக்கும் அதற்குத் தேவைப்பட்டது லேசான ஒரு கண்ணாடி மட்டுமே. திரையரங்கில் இரண்டு மணி நேரம் அதை மாட்டிக்கொள்ளச் சம்மதித்த மக்கள், வீட்டில் தினமும் மாட்டிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

விலை இறங்கியே தீரும், எடை குறைந்தே தீரும் என்கிற விதியை ஆப்பிளே பொய்யாக்கியிருக்கிறது. விஷன் ப்ரோவின் அடுத்த பதிப்பு 2025 அக்டோபரில் வந்தது. விலை அதே 3,499 டாலர். முதல் பதிப்பு 600 முதல் 650 கிராம் இருந்தது. புதிய பட்டையோடு வந்த இது 750 முதல் 800 கிராம். நிறுவனத்தின் தலைவர் டிம் குக்கே 2024 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்குக் கொடுத்த பேட்டியில், இந்த விலையில் இது வெகுஜனப் பொருள் இல்லை என்று ஒப்புக்கொண்டார். விற்கிறவர் சொல்லாததை வேடிக்கை பார்க்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

3. முகம் என்ன சும்மா கிடக்கும் இடமா?

கைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கணிப்பாளர்கள் யோசிப்பதே இல்லை. செல்போன் சட்டைப்பையில் இருக்கும். வேண்டும்போது எடுக்கலாம், ஒரு நொடியில் வைத்துவிடலாம். ஹெட்செட் முகத்தையே கேட்கிறது. இரு சக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் கெடுபிடியாக அமல்படுத்தினார்கள். பின்னால் சட்டம் நிற்கிறது, போலீஸ் நிற்கிறது, உயிரே நிற்கிறது. ஆனாலும் பழனி சாலையில் எத்தனை ஹெல்மெட்டுகள் வண்டிக் கண்ணாடியில் தொங்குகின்றன, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். உயிரைக் காக்கும் பொருளையே வியர்க்கிறது, கழுத்து வலிக்கிறது, முடி கலைகிறது என்று கழற்றி வைக்கிறவர்கள் ஒரு சினிமாவைப் பெரிதாகப் பார்ப்பதற்காக அரைக் கிலோவுக்கு மேல் நெற்றியிலும் கன்னத்திலும் தாங்குவார்களா?

விஷன் ப்ரோவையே கிட்டத்தில் பார்ப்போம். முன்பக்கம் கண்ணாடியும் அலுமினியமும். முகத்தோடு ஒட்டும் இடத்தில் துணி போர்த்திய பஞ்சு விளிம்பு. வெளிச்சம் உள்ளே வராதபடி அது முகத்தில் அழுந்த வேண்டும். சித்திரை வைகாசியில் மின்விசிறிக் காற்றே அனலாக வீசும் நம் ஊரில் அந்த விளிம்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரி தனியாக ஒயரில் தொங்குகிறது. முதல் பதிப்பில் அது ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் தாங்கும், ஒரு தமிழ்ப்படம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். மூக்குக்கண்ணாடிமேல் இதை மாட்ட முடியாது. பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்ற லென்ஸைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி உள்ளே பொருத்த வேண்டும். பட்டை பின்தலையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. நிலக்கோட்டை மல்லிகையை வாங்கிக் கொண்டையில் வைத்திருக்கும் பெண் அந்தப் பட்டையை எங்கே மாட்டுவாள்? மூட்டை தூக்கும் சுமைப்பணியாளர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு மாட்டுவாரா? இவை சில்லறை விஷயங்கள் என்று தோன்றலாம். ஆனால் அன்றாடப் பொருள் என்பதே அன்றாடத்தின் சில்லறை விஷயங்களோடு ஒத்துப்போகும் பொருள்தான். அவற்றோடு முட்டுகிற எதுவும் ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

4. நான்கு பேர் வீட்டில் யார் மாட்டிக்கொள்வது?

நம் வீடுகளில் திரை என்பது கூடிப் பார்க்கும் பொருள். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது குடும்பத்துக்கு ஒன்று கொடுத்தது. அது போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார். செல்போனும் கை மாறும். மகன் கையிலிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து ஆச்சிக்கு. ஹெட்செட் கை மாறாது. அதன் விளிம்பு ஒரு முகத்தின் அளவுக்கு எடுத்தது; இன்னொருவர் மாட்டினால் கண்ணையும் கையையும் மறுபடி பழக்க வேண்டும். அதற்குள் இருப்பவர் பார்ப்பதை அருகில் இருப்பவர் அதே போல் பார்க்க முடியாது.

ஆகவே வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். விஷன் ப்ரோவை விடுங்கள். மெட்டா நிறுவனத்தின் மலிவான குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது, ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய். நான்கு பேருக்கு ஒரு லட்சம். 2024-25-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி தமிழகத்தில் நாளுக்கு 319 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 31,900. மூன்று ஆண்டு வேலையைக் கொட்டினாலும் நான்கு முகத்துக்கு மாட்டி முடியாது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் இரவு வீடியோ காலில் வருகிறான். அம்மா அவன் முகத்தைத்தான் பார்க்கிறாள்; இளைத்திருக்கிறானா, தூங்கினானா, அழுதானா. விஷன் ப்ரோவை மாட்டிக்கொண்டு பேசினால் எதிர்முனையில் தெரிவது அவன் முகம் இல்லை. முன்கூட்டியே எடுத்துவைத்த பதிவிலிருந்து கணினி வரைந்து காட்டும் முகம். அவன் முகத்தைத்தான் கருவி மூடிவிட்டதே. தொலைதூரத்து முகத்தைக் கொண்டுவந்து காட்டியதால் ஒரு கருவி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அந்த முகத்தையே மறைத்துக்கொண்டு இன்னொரு கருவி அதன் இடத்தைப் பிடிக்கும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

5. கண்ணாடியாகச் சுருங்கிவிட்டால்?

சுருங்கட்டும். ஆனால் அப்படிச் சொல்லும்போதே ஹெட்செட் தோற்றது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 2025 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ரே-பான் மெட்டா கண்ணாடி 29,900 ரூபாயிலிருந்து தொடங்கியது. லேசானதுதான். அந்தக் கண்ணாடியில் திரையே கிடையாது. கேமராவும் ஒலிபெருக்கியும் மைக்கும்தான். அதாவது செல்போன் ஏற்கெனவே செய்யும் வேலையில் சிலவற்றை முகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

முகத்தில் கேமரா வந்தால் வேறொரு தகராறு தொடங்கும். செல்போனைத் தூக்கிப் பிடித்தால் படம் எடுக்கிறார் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும், தடுக்கவும் செய்வார். கண்ணாடியில் அது தெரியாது. ஒரு சிறு விளக்கை நம்பியிருக்க வேண்டும். நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனே கொண்டுபோகக் கூடாது. கையில் இருக்கும் கேமராவையே வாசலில் வாங்கி வைக்கும் ஊரில், முகத்தில் இருக்கும் கேமராவுக்கு யார் வழிவிடுவார்? பேருந்தில் எதிர் இருக்கையில் இருக்கும் பெண் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கூகுள் 2013-இல் 1,500 டாலருக்கு விற்ற ‘கிளாஸ்’ என்ற கேமராக் கண்ணாடி 2015 ஜனவரியில் கடையை விட்டுப் போனதற்கு விலையோடு இந்த எரிச்சலும் காரணம்.

6. பெரிய நிறுவனங்கள் ஏமாறாதா?

ஏமாறும், கணக்குப் புத்தகத்தில் எழுதியே ஏமாறும். ஹெட்செட் செய்யும் ஓக்குலஸ் நிறுவனத்தை 2014-இல் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கிய ஃபேஸ்புக், 2021-இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. இந்தத் துறைக்கென்று அது வைத்திருக்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2023-இல் 1,600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. 2024-இல் 1,700 கோடிக்கு மேல். மைக்ரோசாஃப்ட் 2016-இல் 3,000 டாலருக்குத் தொடங்கிய ஹோலோலென்ஸ் ஹெட்செட்டின் உற்பத்தியை 2024-இல் நிறுத்தியது. அவர்கள் தாங்குவார்கள், வேறு வியாபாரத்தில் வரும் லாபத்தை எடுத்து இதில் போடுகிறார்கள். கொட்டிய பணம் விற்கிறவரின் ஆசைக்குத்தான் சாட்சி. வாங்குகிறவரின் தேவைக்குச் சாட்சியாக அதைக் காட்டுவது தர்க்கப் பிழை.

7. பூட்டின் கதை யாருக்குப் பாடம்?

ஆதரவாளர்கள் கடைசியாக எடுத்து வீசும் அஸ்திரம் இது: இயந்திரத்தை ஏற்காததால் நம் பூட்டுத் தொழில் படுத்தது, ஹெட்செட்டை ஏற்காவிட்டால் நாமும் படுப்போம். இதை இந்தத் திண்டுக்கல்லில் நின்றே மறுக்கிறேன். நாகல் நகர் பக்கம் பட்டறையில் உட்கார்ந்து பூட்டு செய்பவரைக் கவனியுங்கள். லீவரை அரத்தால் ராவி, சாவியை விட்டுத் திருப்பி, எங்கே பிடிக்கிறது என்று விரலால் உணர்ந்து, மறுபடி ராவுகிறார். இந்தச் சாவி அந்தப் பூட்டுக்கு மட்டும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த அந்த வேலைக்கு ஈடாக அலிகார் நகரத்து இயந்திரப் பூட்டு நிற்காது. ஆனாலும் கடையில் அலிகார் பூட்டே விற்றது. வாங்கியவர்கள் புதுமை மோகத்தில் வாங்கவில்லை. அதுவும் அதே கதவைப் பூட்டியது, விலை குறைவு, போதுமானதாக இருந்தது.

இப்போது இந்தக் கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். உயர்ந்த வேலைப்பாடு, அதிக விலை: அது ஹெட்செட்டின் இடம். போதுமானது, கையில் ஏற்கெனவே இருப்பது: அது செல்போனின் இடம். போதுமானதை வெறும் சிறப்பினால் வெல்ல முடியாது என்பதை நம் ஊர் பட்டினி கிடந்து கற்றது. அந்தப் பாடத்தைக் கலிபோர்னியாக்காரர்கள் படிக்கட்டும். அதை நம் பக்கம் திருப்பிவிட வேண்டாம்.

அப்படியானால் இது பயனே இல்லாத பொருளா? அப்படிச் சொல்லமாட்டேன். சென்னை ஜெம் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் 2024-இல் லேப்ராஸ்கோப்பி அறுவையின்போது விஷன் ப்ரோவை மாட்டிக்கொண்டு பயன்படுத்தினார்கள். சிறு துளை வழியாகச் செய்யும் அறுவையில் திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பும் சிரமம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. கருவி அதைத் தீர்த்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவர் கையைச் சுட்டுக்கொள்ளாமல் வெல்டிங் பழக ஒன்றிரண்டு ஹெட்செட் இருந்தால் நல்லதே. குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட நேரம், முடிந்ததும் கழற்றி வைத்துவிடும் கருவி. இதன் நியாயமான இடம் அதுதான்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தவறான கணிப்புக்கு விலை கொடுப்பது கணித்தவர்கள் அல்லர் என்பதே. எப்படியும் எல்லோரும் வாங்கப்போகிறார்கள், நாம் முந்திக்கொள்வோம் என்று நம்பும் இளைஞன் மாதத் தவணையில் மாட்டிக்கொள்வான். ஹெட்செட் அலமாரிக்குப் போன பிறகும் தவணை ஓடும். இதுதான் எதிர்காலம் என்று நம்பும் பெற்றோரிடம் பள்ளி, வி.ஆர். வகுப்பறை என்று சொல்லிக் கட்டணத்தை ஏற்றும்; ஆய்வகத்தில் சோதனைக் குழாயும் நூலகத்தில் நூலகரும் இருக்கிறார்களா என்று கேட்க மறந்துபோவோம். நாளைக்கு அரசுப் பணமும் இந்த வழியில் போகலாம்.

எனவே யாராவது இதை விற்க வந்தால் செல்போனின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இது தீர்க்கும் சிரமம் இன்று என்னிடம் இருக்கிறதா? என் கையில் இருக்கும் போன் அதைத் தீர்க்காதா? ஓராண்டுக்கு முன் வாங்கியவர் இன்றும் தினமும் மாட்டுகிறாரா, அவரை எனக்குக் காட்ட முடியுமா? மூன்றுக்கும் நேரான பதில் வருகிற நாளில் நானே முன்வந்து என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அதுவரை, பின்தங்கிவிடுவீர்கள் என்று யார் மிரட்டினாலும் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.